களிமண்ணுள்ளே மின்சாரம்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், விசுவமடுவிலுள்ள எம் மாணவர் ஒருவரின் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருந்தெருவை விட்டுச் சிறிது தூரம் உள்ளே அமைந்த வீடு அது. முற்றத்திலே ஒரு பாலை மரம், பின்புறத்திலே கிணறு, கிணற்றுக்கட்டின் அருகே நீரிறைக்கும் மோட்டர். வெயிலோ சொல்லுந்தரமன்று. மாதக்கணக்கில் மழை காணாத நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

நாம் சென்ற வேளையில் அங்கே மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மண்வெட்டியும் அலவாங்குமாக நின்றார். மோட்டரைத் தொட்டால் கையைச் சுள்ளென்று இழுக்கின்றது என்பது வீட்டுப் பாட்டியாரின் முறைப்பாடு. பேரப்பிள்ளை ஒன்று ஈரக் கையோடு அதைத் தொட்டு அலறியடித்துக்கொண்டு ஓடிவந்ததாம். அதன் பின்னரே இளைஞருக்கு ஆளனுப்பியிருக்கின்றார்கள்.

"மோட்டரிலை சின்ன ஒழுக்கு இருக்கு, அம்மா. அதைப் பிறகு பாப்பம். ஆனால் எர்த் சரியாய் இருந்தால் உங்களுக்கு இழுக்காது. நிலம் காய்ஞ்சு போச்சு, அதுதான் எர்த் பிடிக்கேல்லை" என்றார் அவர்.

பழைய செப்புக்கோலைச் சுற்றி ஆழமாகக் குழி தோண்டினார். ஒரு சாக்கு மரக்கரியும் சில கிலோ உப்பும் அருகே இருந்தன. கரி ஒரு படை, உப்பு ஒரு படை, மண் ஒரு படை என்று மாறி மாறி இட்டு, வாளி வாளியாக நீரூற்றினார். அருகே குந்தியிருந்து பார்த்த சிறுவன் விடவில்லை. "ஏன் மாமா கரியும் போடுறீங்கள், உப்பும் போடுறீங்கள்? ஒண்டு போட்டால் காணாதோ?" என்று கேட்டான்.

இளைஞர் சிரித்துவிட்டு எம்மைக் கைகாட்டினார். "அதைச் சேரிட்டைக் கேளும், தம்பி."

கேள்வி சிறியது, ஆனால் விடை அவ்வளவு சிறியதன்று. அன்று அச்சிறுவனுக்குச் சொன்னதையும், அவன் வயதுக்கு மிகையென்று சொல்லாது விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

மின்னோட்டம் என்பது ஏற்றங்களின் நகர்ச்சி. அவ்வேற்றங்களைச் சுமந்து செல்வோர் இரு சாதியார். ஒரு சாதியார் இலத்திரன்கள். செப்புக் கம்பியிலும் பென்சிற்கரி எனப்படும் காரீயத்திலும் நன்கு வெந்த மரக்கரியிலும் ஓடுவோர் இவர்களே. மற்றச் சாதியார் அயன்கள். உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயனாகவும் குளோரைட்டு அயனாகவும் பிரிகின்றதன்றோ? அந்நீரில் மின்னைச் சுமப்பவை அவையே. இலத்திரனுக்கு நீர் வேண்டியதில்லை. தொடர்ந்த பாதை வேண்டும். அயனுக்கோ பொதுவாக ஈரம் வேண்டும்.

இரண்டுக்கும் இன்னொரு வேற்றுமையும் உண்டு. அயன் மின்வாயை அடைந்ததும் அப்பால் உலோகத்தினுள்ளே செல்ல இயலாது. அங்கேயே நின்றுவிடும், அல்லது தன் உருவை மாற்றிக்கொள்ளும். விசுவமடுவுக்குச் செல்லும் அதே தெருவின் தலைப்பில், பரந்தனிலே, 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை இவ்வுருமாற்றத்தையே தொழிலாகக் கொண்டிருந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்த நீரில் மின்னைச் செலுத்தி, ஒரு மின்வாயில் குளோரீன் வாயுவையும், மறுபுறத்தில் எரிசோடாவையும் பெற்றார்கள். போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை நின்றுபோயிற்று. முதியோர் பலருக்கு அதன் நினைவு இன்றும் உண்டு.

இனிக் குழிக்கு வருவோம். கரி இலத்திரனுக்குப் பாதை. உப்புநீர் அயனுக்குப் பாதை. இவ்விரண்டையும் தாங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது களிமண். மோட்டரிலிருந்து ஒழுகும் மின் செப்புக்கோல் வழியே இறங்கி நிலத்திற் பரவ வேண்டும். நிலம் வறண்டால் அயன்கள் அசைய மாட்டா, தடை மிகும், மின் மோட்டரின் உடலிலேயே தங்கிக் கைக்காகக் காத்திருக்கும். உப்பு காலப்போக்கில் செப்பையும் இரும்பையும் அரிக்கும் என்பதால், இக்காலத்தில் உப்புக்குப் பதிலாகப் பெந்தனைற்று என்னும் களியை இடுமாறு பலர் கூறுவர். நன்கு நனைந்த பெந்தனைற்றின் தடைத்திறன் ஏறத்தாழ 3 ஓம்-மீற்றர் மட்டுமே. வெளியிலிருந்து உப்புச் சேர்க்காமலே அது கடத்துகின்றது. அஃதெப்படி?

பெந்தனைற்றின் உயிர்நாடியான கனிமத்துக்கு மொண்ட்மொரிலனைற்று என்று பெயர். பிரான்சு நாட்டிலுள்ள மொண்ட்மொரிலன் என்ற ஊரின் பெயரால் அமைந்தது. இக்கனிமம் ஏடுகளாலானது. ஓர் ஏட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். அதாவது மில்லிமீற்றரிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வோர் ஏட்டிலும் மேலும் கீழும் சிலிக்காப் படை. நடுவே அலுமினியப் படை. நடுப்படையிலே சிற்சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மகனீசியம் அமர்ந்துவிடுகின்றது. அலுமினியம் மூன்று நேரேற்றம் கொண்டது, மகனீசியத்துக்கு இரண்டே. எனவே ஏடு முழுவதிலும் மறையேற்றம் எஞ்சி நிற்கின்றது. அதனை ஈடுசெய்வதற்காகச் சோடியம், கல்சியம் முதலிய நேரயன்கள் ஏடுகளுக்கு இடைப்பட்ட ஒழுங்கைகளில் வந்து குடியிருக்கின்றன. நீர் புகுந்தால் ஏடுகள் விலகும், களி வீங்கும், குடியிருக்கும் அயன்கள் நடமாடத் தொடங்கும். நீர் வற்றினால் ஏடுகள் நெருங்கும், நிலம் வெடிக்கும்.

இவ்வேடுகளின் மேற்பரப்பை அளந்தவர்கள், ஒரு கிராம் மொண்ட்மொரிலனைற்றில் 700 சதுர மீற்றருக்கு மேல் உண்டு என்கின்றனர். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே ஒரு சிட்டிகைக் களியினுள்ளே கிட்டத்தட்ட மூன்று பரப்புக் காணி மடிந்து கிடக்கின்றது. உறுதி எழுதுவோர் இதனை அறியாதிருப்பது நல்லதே.

இத்தகைய களிக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார் மாவட்டத்தில், கட்டுக்கரைக் குளத்தின் அயலிலே, முருங்கன் என்னும் ஊர் உண்டு. மாரியிற் காலை விடாது பற்றிக்கொள்ளும் கருங்களியும் கோடையில் அடி நுழையுமளவுக்கு விரியும் வெடிப்பும் அவ்வூர் வயல்களுக்குப் பெயர் பெற்றவை. 1950 இல் தொடங்கி 1990 இல் நின்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு முருங்கனிலிருந்தே புகையிரதத்தில் களி சென்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அப்படிவுகளை ஆராய்ந்து அவற்றிலுள்ள மொண்ட்மொரிலனைற்றின் இயல்பை 2015 இல் எடுத்துரைத்தனர். தமிழகத்துக் கரிசல் நிலத்துக்கும் இக்கனிமமே காரணம்.

களி ஒருபுறம் இருக்கட்டும். கரிக்கு ஈடாக நிற்கும் மற்றொரு பொருளைப் பார்ப்போம்.

பிளாத்திக்கு மின்னைக் கடத்தாது என்று நாம் பள்ளியிலே படித்தோம். கம்பியின் மேலே அதனைப் போர்த்துவதும் அதனாலேதான். ஆயினும் அதற்கு விலக்கு உண்டு என்பதை உலகம் அறிந்த கதை சுவையானது. 1967 ஆம் ஆண்டளவில் யப்பானில் சிரக்காவா என்னும் இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில் அசெற்றிலீன் வாயுவைப் பல்பகுதியமாக்கும் சோதனை நடைபெற்றது. அங்கு வந்து பணியாற்றிய ஒருவர் ஊக்கியை வேண்டிய அளவிலும் ஆயிரம் மடங்கு கூடுதலாக இட்டுவிட்டார். வழக்கமான கரும்பொடிக்குப் பதிலாக வெள்ளிபோல் மின்னும் மெல்லிய தகடு ஒன்று உண்டாயிற்று. எம் ஆய்வுகூடத்தில் இத்தகைய தவறு நேர்ந்திருந்தால் கலவையைக் கழுவி ஊற்றியிருப்போம். மாணவனும் திட்டு வாங்கியிருப்பான். சிரக்காவா அதனைப் பேணினார். பின்னர் 1976 இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மக்டயாமிட், ஈகர் என்னும் இருவரோடு சேர்ந்து அத்தகட்டின் மீது புரோமீன் ஆவியைச் செலுத்தியபோது, அதன் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 2000 ஆம் ஆண்டில் மூவரும் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

அசெற்றிலீன் பல்பகுதியம் காற்றில் விரைவில் கெட்டுவிடும். ஆகவே ஆய்வாளர் பலர் பொலியனிலீனை நாடினர். இது மிகப் பழைய பொருள். 1862 இலேயே இலண்டன் மருத்துவர் இலெதபி, அனிலீனை அமிலத்திற் கரைத்து மின்னைச் செலுத்தி, மின்வாயின் மீது நீலப்படிவாக இதனைக் கண்டார். அது மின் கடத்தும் என்று அவர் எண்ணவில்லை. அனிலீன் என்ற பெயரின் பிறப்பும் நமக்கு அயலன்று. அவுரிச் செடியின் நீலச் சாயத்தைக் காய்ச்சி வடித்தே முதன்முதல் அதனைப் பெற்றனர். வடமொழியின் 'நீல' என்ற சொல் பாரசீகமும் அரபும் கடந்து ஐரோப்பாவில் 'அனில்' ஆகி, அங்கிருந்து அனிலீன் ஆயிற்று.

பொலியனிலீனின் தனிச் சிறப்பு அமிலத்தோடு அது கொள்ளும் உறவு. அமிலம் சேர்ந்தால் பச்சை நிறங்கொண்டு மின்னைக் கடத்தும். அமோனியா போன்ற காரத்தை அதன்மீது படவிட்டால் நீலமாக மாறிக் கடத்தலை நிறுத்திக்கொள்ளும். இரண்டு நிலைக்கும் இடையே கடத்துதிறனில் ஆயிரங்கோடி மடங்கு வேறுபாடு உண்டு. மீண்டும் அமிலம் பட்டால் மீண்டும் பச்சை. கடத்தும் நிலையிலும் செம்பு அதனினும் ஓர் இலட்சம் மடங்கு மேலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கம்பிகளுக்கு இது மாற்றாகாது.

இப்போது களியையும் பொலியனிலீனையும் சேர்த்து வைப்போம். வெறுமனே குழைத்தாற் போதாது. பல்பகுதியச் சங்கிலி மிக நீண்டது, ஏடுகளிடையே தானாக நுழையாது. எனவே விஞ்ஞானிகள் வேறு வழி கொண்டனர். அமிலத்தில் அனிலீன் நேரயனாகிவிடும். அந்த நேரயன், களியின் ஒழுங்கைகளிற் குடியிருக்கும் சோடியத்தை வெளியேற்றிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். அதன் பின்னர் ஒட்சியேற்றும் பொருள் ஒன்றைச் சேர்த்தால், உள்ளே இருந்த அனிலீன்கள் இருந்த இடத்திலேயே கைகோத்துச் சங்கிலியாகின்றன. சங்கிலி மீதுள்ள நேரேற்றங்களுக்கு ஏட்டின் மறையேற்றமே துணையாகின்றது. எக்ஸ் கதிர் கொண்டு பார்த்தால், ஏடுகளிடையே கூடியுள்ள இடைவெளி ஒரு நனோமீற்றரின் பாதிக்கும் குறைவு. ஒற்றைச் சங்கிலி படுத்துக்கொள்ள மட்டுமே போதிய இடம் அது.

இக்கலவை தனிப் பொலியனிலீனிலும் நன்றாகக் கடத்துமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. களியின் ஏடுகள் இலத்திரனுக்குச் சுவர்கள். களி மிகமிகப் பாதை அறுகின்றது. வெள்ளம் நிற்கும் வயலிலே கல் பதித்து நடப்பதை எண்ணிப் பாருங்கள். கற்கள் சில மட்டும் இருந்தால் பாதையில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் எட்டும் அளவுக்குக் கற்கள் சேர்ந்த கணத்திலே அக்கரைக்கு வழி திறக்கின்றது. பல்பகுதியத்தின் அளவு அத்தகைய ஓர் எல்லையைத் தாண்டும்போதே கடத்துதிறன் திடீரென எழுகின்றது.

அப்படியாயின் களியைச் சேர்ப்பானேன்? இங்கேதான் சிறுவனின் கேள்வி திரும்பி வருகின்றது. கரியும் உப்பும் ஒரு குழியில் இருப்பதுபோல, சங்கிலியும் அயனும் ஓர் ஒழுங்கையில் இருக்கின்றன. சங்கிலி வழியே இலத்திரனும், ஏட்டோரத்து நீர் வழியே அயனும் ஒருங்கே செல்கின்றன. இதனைக் கலப்புக் கடத்தல் என்பர். இந்நாட்டிலேயே இது ஆராயப்பட்டது என்பது மாணவர் அறிய வேண்டியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இராஜபக்ச, கிரிஷாந்த, தென்னக்கோன் ஆகியோரும், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தைச் சேர்ந்த டயஸும் 2006 இல் வெளியிட்ட ஆய்வுரை இப்பொருள் பற்றியதே. அவர்கள் எடுத்துக்கொண்டது வண்ணார் மண் என்ற வகை. பெண்கள் முகத்திற் பூசும் முல்தானி மட்டி அதன் இனத்ததே. அதனுள் அனிலீனைப் படிப்படியாகப் புகுத்திப் பல்பகுதியமாக்கிக் கலப்புக் கடத்தலை ஆராய்ந்தனர். பொலிபிரோல் என்ற பிறிதொரு பல்பகுதியத்தையும் மொண்ட்மொரிலனைற்றினுள் வைத்து அவர்கள் சோதித்ததுண்டு.

ஒரு துண்டினூடாக மின் ஓடுகின்றது என்பதை எவரும் அளக்கலாம். அதில் இலத்திரன் எவ்வளவு, அயன் எவ்வளவு என்று பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வுத்தி எமக்கு மிகவும் பிடித்தமானது. துண்டின் இரு முகங்களிலும் உலோகத் தகடுகளை வைத்து ஆடலோட்டத்தைச் செலுத்துவர். மீடிறன் மிகுந்திருக்கும்போது அயன் இங்குமங்கும் சிறிது அசைவதற்குள் திசை மாறிவிடும், தகட்டை முட்டாது. ஆகவே இலத்திரனும் அயனும் இரண்டுமே ஓட்டத்திற்குப் பங்களிக்கும். மீடிறனைக் குறைத்துக்கொண்டே வந்தால், அயன்கள் தகட்டை அடைந்து அங்கே குவிந்து நின்றுவிடும். இலத்திரன் மட்டுமே தடையின்றித் தகட்டினுள்ளே புகும். முன்னையதிலிருந்து பின்னையதைக் கழித்தால் அயனின் பங்கு வெளிப்படும். சந்தியிலே எல்லாரும் கலந்து நிற்பர். படலையைத் திறக்கும் திறப்பு யாரிடம் உண்டு என்பது படலையடியிலேதான் தெரியவரும்.

கலப்புக் கடத்திகளுக்கு வேலை எங்கே என்றால், மின்கலங்களிலும் எரிபொருட் கலங்களிலும். அவற்றின் மின்வாயில் அயனும் இலத்திரனும் ஒரே இடத்திற் சந்தித்தாலன்றி இரசாயனத் தாக்கம் நடைபெறாது. ஒன்றை மட்டும் கடத்தும் பொருள் அங்கே பாதி வேலைக்காரன். அமோனியா பட்டவுடன் தடை மாறும் இயல்பால் வாயுக்களை உணரும் கருவிகளுக்கும் இதனை ஆராய்கின்றனர். இரும்பின் மேற் பூச்சாகப் பூசினால், ஏடுகள் ஓடுவேய்ந்தாற்போற் கிடந்து நீரும் ஒட்சிசனும் வரும் வழியை நீட்டுவதால் துரு தாமதிக்கின்றது என்று கண்டவர்களும் உளர். உப்புக்காற்று வீசும் முல்லைத்தீவுக் கரையோரத்தார் இச்செய்தியைக் கவனிக்கலாம். கடைக்குச் சென்று ஒரு பேணி கேட்கும் நிலை இன்னும் வரவில்லை.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சோதனை. அனிலீன் தோலினூடாகவும் உடலில் ஏறும் நஞ்சு. அதனை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. அதற்குப் பதிலாகக் காரீயத்தூள் போதும். பென்சில் ஊசியை அரைத்தும் பெறலாம். வயற்களியை நன்கு உலர்த்திப் பொடியாக்கி, ஒரு சிறு குழாயில் இறுக்கி அடைத்து, இரு முனையிலும் ஆணி செருகிப் பல்மானியால் தடையைப் பாருங்கள். கருவி எதையும் காட்டாது. சில துளி நீரிடுங்கள். அளவு தோன்றும், ஆனால் நிலைத்து நில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அயன்கள் ஆணியடியில் குவிவதை நீங்கள் கண்ணாற் காண்பதற்கு ஒப்பானது அது. பின்னர் உலர்ந்த களியில் காரீயத்தூளைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒவ்வொரு முறையும் அளவுங்கள். நெடுநேரம் ஒன்றும் நிகழாது. பின்பு ஓரிரு கரண்டிக்குள்ளே தடை மளமளவென்று விழும். இம்முறை அளவு ஓடித்திரியாது, ஓரிடத்தில் நிற்கும். காரீயமும் நீரும் ஒருங்கே இருக்கும் கலவையிலே என்ன காண்பீர்கள் என்பதைச் செய்தே அறிந்துகொள்ளுங்கள். மின்கலத்தில் இயங்கும் பல்மானி அன்றி, வீட்டு மின்னை இதற்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது.

விசுவமடுச் சிறுவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கரியிலை ஓடுறவர் ஒருத்தர், உப்புத் தண்ணியிலை ஓடுறவர் வேறை ஒருத்தர். ரெண்டு பேரும் வந்தால்தான் உங்கடை அம்மம்மாவுக்கு இழுக்காது" என்றோம். அவன் சிறிது யோசித்தான். "அப்ப தண்ணி காய்ஞ்சால் ஒருத்தர் நிண்டிடுவார்?" என்றான். இளைஞர் தலையை நிமிர்த்தி எம்மைப் பார்த்தார்.

குழியை மூடியபின் அவர் கருவியை வைத்து அளந்தார். அளவு திருப்தியாயிருந்தது. ஆயினும் அடுத்த ஆவணிக்கும் இது நிலைக்குமோ என்ற ஐயம் அவருக்கே உண்டாயிற்று. மோட்டரின் ஒழுக்கைத் திருத்தவும், ஒழுக்குக் கண்டவுடன் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றைப் பூட்டவும் நாள் குறித்தார். அதுவரை மோட்டரின் இணைப்பைக் கழற்றி வைத்தார். பாட்டியார் மண்வெட்டியை வாங்கி, கிணற்றடிக் கழிவுநீர் வாய்க்காலைத் திருப்பி அக்குழியருகே கொண்டுவந்தார். வாழைக்குட்டி ஒன்றையும் அங்கே நட்டார். அண்மையில் அவ்வழியாற் சென்றபோது பார்த்தோம். வாழை குலை தள்ளியிருந்தது, அதன் அடி ஈரமாகவே இருந்தது.